“பயோ எடுத்தா தாதியாவது கிடைக்கும்”: படுவான்கரையில் ஒரு பதினோராந்தர வகுப்பு – நிகழ்வு ஆய்வு

எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் வீதி இல்லை. ஆற்றைக் கடக்கும் மிதவைக்குத்தான் அந்தப் பெயர். அம்பிளாந்துறையில் ஏறினால் குருக்கள்மடத்தில் இறங்கலாம். மண்டூரில் ஏறினால் குறுமண்வெளி. புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள், ஊரில் ஆறு என்றே சொல்வோம். காற்று கடுமையாக அடித்தால் பாதை ஓடாது, பிள்ளைகள் கரையில் நிற்பார்கள். தொழில் வழிகாட்டல் செயலமர்வுகளில் வளவாளர் ‘தொழிற்பாதை’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மிதவைதான் கண்ணில் வரும்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் சமூகக்கல்வி படிப்பிக்கிறேன். அதோடு தொழில் வழிகாட்டல் பொறுப்பும் என் தலையில் இருக்கிறது. ஒரு வருடம், ஒரு பதினோராந்தர வகுப்பு, இருபத்தேழு பிள்ளைகள்: அவர்களோடு செய்த வேலையில் பலித்ததையும் பலிக்காததையும் எழுதி வைக்கிறேன். பாடசாலையின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இதில் இல்லை. குடும்பங்களை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருக்கும் வழிகளும் தெரிந்த வழிகளும்

க.பொ.த. சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளை உயர்தரத்தில் ஒரு பிரிவைத் தெரிவு செய்ய வேண்டும். கலை, வர்த்தகம், பயோ (உயிரியல் விஞ்ஞானம்), மெட்ஸ் (கணிதம்) என்ற நான்கோடு 2013இல் தொழினுட்பப் பிரிவு சேர்ந்தது. அதில் பொறியியல் தொழினுட்பவியல் ஒன்று, விவசாயம், உணவு சார்ந்த உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் இன்னொன்று. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் இரண்டு வருடம் தொழிற்கல்வி படித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் நான்காம் மட்டம் வரை போகலாம். இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது.

ஊரில் இருப்பது வேறு. எங்கள் பாடசாலை 1சீ வகை. உயர்தரத்தில் கலை மட்டும். விஞ்ஞானமோ கணிதமோ தொழினுட்பமோ படிக்க வேண்டுமென்றால் 1ஏபீ பாடசாலைக்குப் போக வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் நகரத்துக்குக் கிட்டவாகிவிட்டது. பாலத்திலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இன்றும் பாதைதான், அல்லது ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ தடவை வரும் பஸ்தான்.

ஆகவே “எந்தப் பிரிவு பிடிக்கும்?” என்ற கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. பக்கத்தில் இருப்பது கலை, அதனால் கலை. முன்பெல்லாம் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் சில மாதங்கள் கிடைக்கும். பரீட்சை முடிந்த கையோடு உயர்தர வகுப்பைத் தொடங்கும் ஏற்பாடு வந்த பிறகு அந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது. ஒரு பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கும் பேச்சு, பத்து நாளுக்குள், மாமாவும் ரியூசன் சேரும் பேசி முடிக்கிற பேச்சாகப் போய்விடுகிறது.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பயோ எடுத்தவள். மூன்று தரம் எழுதினேன். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரத்துக்கு மேல் கணக்கில்லை. பிறகு வெளிவாரியாகக் கலைப் பட்டம். இருபத்தொரு வயதிலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி யாரும் எனக்கு எந்தச் செயலமர்வும் வைக்கவில்லை. 2017இல் மட்டக்களப்பு நகரத்துக் காந்தி பூங்காவின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்களே, அந்தப் பந்தலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்’ என்ற, அரசாங்க வேலையே வேலை என்னும் பழமொழியைச் சொல்லி இந்த ஊர்ச் சனத்தைப் பழிக்கிறவர்கள் உண்டு. மழை வந்தால் கூலியில்லை, வெள்ளம் வந்தால் வேளாண்மையில்லை என்று வாழ்ந்தவர்களுக்கு மாதம் முடிய வரும் சம்பளமும் ஓய்வூதியமும் எவ்வளவு பெரிது என்பதைப் பழிப்பவர்கள் யோசிப்பதில்லை.

முதல் முயற்சி

வழக்கமான இரண்டு காரியங்களைத்தான் முதலில் செய்தேன். ஒன்று, ஆர்வச் சோதனை. அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஹொலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு வகைப் பாகுபாட்டில் அமைந்தது. செயல்முறை, ஆய்வு, கலை, சமூகம், முயற்சியாண்மை, ஒழுங்குமுறை என்று ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற வினாத்தாள். புள்ளி போட்டுப் பார்த்தால் வகுப்பில் பெரும்பாலானோர் ‘சமூகம்’. டீச்சர், குடும்பநல மாது, கிராம சேவகர், தாதி. முதலில் சந்தோசப்பட்டேன், நல்ல மனமுள்ள பிள்ளைகள் என்று. இரவு திரும்ப யோசித்தபோது விளங்கியது. இந்தப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு ஒழுங்காகச் சம்பளம் எடுக்கிற ஆட்களாகக் கண்டது இந்த நாலு பேரைத்தான். காணாத வேலையில் ஆர்வம் எங்கிருந்து வரும்? நான் அளந்தது ஆர்வத்தை இல்லை, பிள்ளைகளின் கண் எட்டிய தூரத்தை.

இரண்டாவது, கருத்தரங்கு. புரொஜெக்டர், பெனர், நகரத்திலிருந்து வந்த ஒரு தனியார் நிறுவனம். வழவழப்பான துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். ‘டிப்ளோமா’ என்ற சொல் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. என்.வி.கியூ. மட்டம் என்ன என்று நான் கேட்டேன். “நாங்க ரீவெக்ல பதிவு செஞ்ச நிறுவனம் டீச்சர்” என்றார் வந்தவர். ரீவெக் என்பது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதில் நிறுவனத்தைப் பதிவது ஒரு காரியம், கற்கைநெறிக்குத் தரச்சான்று பெறுவது இன்னொரு காரியம். பதிவு இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு என்.வி.கியூ. சான்றிதழ் வராமல் போகலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் தோட்டை அடகு வைத்துக் காசு கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அன்று பிள்ளைகளுக்குப் பயன்பட்டது அந்த ஒரு விசயம்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்து கேள்வி

பிறகு வேறு மாதிரிச் செய்தோம். தவணை விடுமுறையில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். ஒவ்வொரு சோடியும் தங்கள் ஊரில் உழைக்கிற ஒருவரோடு ஒரு முழு நாள் நிற்க வேண்டும். பிரசங்கம் கேட்கப் போகவில்லை. கூட நிற்க வேண்டும், கையால் செய்யவிட்டால் செய்ய வேண்டும். போகும்போது ஐந்து கேள்வி எழுதிய தாள் ஒன்று:

மாதம் முடிய கையில் என்ன நிற்கும்? எந்த மாதத்தில் வருமானம் வராது? வேலை முடிய உடம்பில் எங்கே நோகும்? இதை யார் பழக்கினது? உங்கட பிள்ளையை இந்த வேலையில் விடுவீங்களா?

அனுமதிக் கடிதங்களுக்கு ஒரு மாதம் போனது. அதிபர் ஆற்றில் இறங்கும் வேலை எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார், நியாயம்தான். அதனால் மீன்பிடி விடுபட்டது. போன இடங்கள்: பால் குளிரூட்டும் நிலையம், நெல் அறுக்கும் வெட்டு மெசின் திருத்துகிற கராஜ், கமநல சேவை நிலையம், கால்நடை வைத்தியரின் அலுவலகம், ஒரு அரிசி ஆலை, தையல் நிலையம், பிரதேச செயலகம், ஒரு பேக்கரி, செங்கல் சூளை.

ஐந்தாவது கேள்விதான் ஆட்களை அசைத்தது. அரிசி ஆலை முதலாளி, “என்ட மகனா? அவன் லண்டனில” என்று சிரித்தாராம். சூளையில் வேலை செய்யும் அம்மா பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றக் கிறுகிப் போய்விட்டாராம். அந்த இரண்டு பிள்ளைகளும் தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை.

பால் நிலையத்தில் ஒரு காலை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நானும் கூடப் போயிருந்தேன்.

போன இரண்டு பேரில் ஒருத்தி எருமை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. கணிதத்தில் முப்பது தாண்டாதவள், விஞ்ஞானத்தில் நாற்பதுக்குள் நிற்பவள். அம்மா தயிர்ச்சட்டி கட்டி விற்கிறவர். கலையில் சேர்ந்து படித்து, கிடைத்தால் டீச்சர் வேலை என்பது வீட்டுத் திட்டம்.

விடிய ஆறரைக்குப் போனோம். சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும் கான்கள் வந்து இறங்கின. அங்கே சோதனை செய்கிறவ ஒரு இளம் பெண், இருபத்தைந்து இருக்கும். முதலில் மூடியைத் திறந்து மணக்கிறா. பிறகு ஒரு உயரமான குவளையில் பாலை ஊற்றிப் பால்மானியை விடுகிறா. அது ஆடி ஆடி நிற்கிற இடத்தைக் கண்ணுக்கு நேராகக் குனிந்து பார்த்து, “இருபத்தெட்டு” என்று எழுதுகிறா. அடுத்த கான், இருபத்தொன்பது. அதற்கடுத்தது இருபத்திரண்டு. பெரியவர் ஒருவர் கொண்டு வந்தது. அவ எதுவும் சொல்லவில்லை, அவரைப் பார்த்தா. பெரியவர் வானத்தைப் பார்த்தார்.

“என்னக்கா இருபத்தெட்டு?” என்று எங்கள் பிள்ளை கேட்டாள்.

“தண்ணி ஆயிரம் எண்டா பால் ஆயிரத்து இருபத்தெட்டு. அந்த ஆயிரத்தை எழுதாம மிச்சத்த மட்டும் எழுதுற. தண்ணி கலந்தா இறங்கும்.”

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். “டீச்சர், இது அடர்த்தி.” விஞ்ஞானப் பாடத்தில் கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் பிழை விட்ட அதே அடர்த்தி. வகுப்பில் நான் அவளுடைய அந்த முகத்தைக் கண்டதில்லை.

பிறகு அல்ககோல் சோதனை. சிறு குழாயில் பாலும் அல்ககோலும் சம அளவு விட்டுக் கவிழ்த்துப் பார்ப்பது. திரி திரியாக வந்தால் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது, எடுக்க மாட்டார்கள். கடைசியாகக் கொழுப்பு. இதற்குத்தான் அவ எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னா. கண்ணாடிக் குழாய் ஒன்று, மேல் பக்கம் ஒடுங்கி, அளவுக்கோடு போட்டது. அதில் பத்து மில்லிலீற்றர் சல்பூரிக் அமிலம். அதன் மேல் மெதுவாக 10.75 மில்லிலீற்றர் பால். பிறகு ஒரு மில்லிலீற்றர் ஏமைல் அல்ககோல். அடைப்பானைப் போட்டுத் துணியால் சுற்றிப் பிடித்துக் குலுக்கினா. குழாய் கொதிக்கும், வெறுங்கையால் பிடிக்க ஏலாது. வெள்ளைப் பால் கடும் மண்ணிறமாக மாறியது. சுழற்சி இயந்திரத்தில் ஐந்து நிமிடம். வெளியே எடுத்தால் ஒடுங்கிய பக்கத்தில் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி, கொழுப்பு ஏறி நிற்கிறது. பசும்பாலில் அது நான்குக்குக் கிட்ட நின்றது. எருமைப்பாலில் ஏழைத் தாண்டியது.

“அப்ப எங்கட பாலுக்குத்தானே கூட விலை வரணும்?” என்றாள் பிள்ளை உடனே. கொழுப்பையும் கொழுப்பில்லாத் திண்மத்தையும் வைத்தே விலை கணக்கிடுகிறார்கள் என்று அந்தப் பெண் காட்டினா. கணிதத்தில் முப்பது எடுக்கிற பிள்ளை, அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு தன் வீட்டுப் பாலைத் தயிராக்குவது லாபமா, இங்கே ஊற்றுவது லாபமா என்று கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். தசமம் பிழைக்கவில்லை.

ஐந்தாவது கேள்விக்கு அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இல்லை, கலியாணமும் ஆகவில்லை. “தங்கச்சிய விடுவன்” என்றா. “ஆனா என்னப்போல உயர்தரத்தில ஆட்ஸ் செஞ்சிட்டு இஞ்ச வந்து பழகச் சொல்ல மாட்டன். உயிர்முறைமைகள் தொழினுட்பம் படிச்சிட்டு வந்தா மேல போகலாம். நான் இந்த மேசையோட நிப்பன்.”

நான் வருடம் முழுக்கச் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வசனத்தின் எடை வந்திருக்காது. அடுத்த கிழமை பிள்ளை என்னிடம் வந்து கணிதம், விஞ்ஞானம் இரண்டுக்கும் கடந்தகால வினாத்தாள் கேட்டாள். அந்தப் பிரிவில் சேர எந்தப் பாடத்தில் என்ன சித்தி வேண்டும் என்ற சுற்றறிக்கைப் பக்கத்தைப் பெரிதாக்கி வகுப்புச் சுவரில் ஒட்டினோம். அதன் கீழே யாரோ பென்சிலால் ‘28’ என்று எழுதியிருந்தார்கள்.

குவைத்திலிருந்து ஒரு அம்மா

நான் சொல்ல வரும் இரண்டாவது பிள்ளை வகுப்பில் முதலாவது. எல்லாப் பாடத்திலும் ஏ எடுக்கக்கூடியவள். படம் கீறுவதில் கை. கொப்பி ஓரமெல்லாம் வீடு, ஜன்னல், படிக்கட்டு. பிரதேச செயலகத்துக்கு அனுப்பிய நாளில் தொழினுட்ப உத்தியோகத்தரின் மேசையில் இருந்த கட்டட வரைபடத்தை விட்டு நகரவில்லை என்று கூடப் போன பிள்ளை சொன்னாள்.

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை எடுத்து அவளோடு உட்கார்ந்தேன். இந்தக் கைநூலை வாசிக்க ஒரு முறை இருக்கிறது, இதை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். முன்னாலிருந்து வாசிக்கக் கூடாது. கற்கைநெறிப் பட்டியலில் பிள்ளைக்குப் பிடித்ததை முதலில் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கி அதற்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள் உண்டு. எங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டது ஆறோ ஏழோ. மொறட்டுவையில் கட்டடக்கலைக்கும் வடிவமைப்புக்கும் தனியாக உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது என்பதே அவளுக்குப் புதினம். மெட்ஸ் எடுத்துக் கட்டடக்கலை, இதுதான் என் திட்டம். என் திட்டம் என்றே எழுதுகிறேன், பிறகு யோசித்தபோது அது என்னுடையதாகத்தான் இருந்தது.

அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பா இல்லை, அம்மம்மாவோடு இருக்கிறாள். முடிவெடுக்க அம்மா வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை இமோ வீடியோ அழைப்பில் எடுத்தோம். அம்மம்மா பக்கத்தில், பிள்ளை போனைப் பிடித்திருக்கிறாள்.

நான் பேசி முடிக்கும் வரை அந்த அம்மா குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்.

“டீச்சர், நீங்க சொல்றது கிடைக்காட்டி?”

மெட்ஸ் எடுத்துப் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் என்னென்ன செய்யலாம் என்று சொல்லத் தொடங்கினேன்.

“இல்ல டீச்சர். பயோ எடுத்தா டொக்டர் கிடைக்காட்டியும் தாதியாவது கிடைக்கும். மட்டக்களப்பிலயே தாதியர் கல்லூரி இரிக்கு. படிக்கக்குள்ளயே கொடுப்பனவு தாறாங்க. நான் வேல செய்யிற வீட்டு மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறனான். அங்க கேரளத்துப் புள்ளையள் தாதியா நிக்கிறாங்க. நானும் வெளிநாட்டிலதான் நிக்கிறன், அவங்களும் வெளிநாட்டிலதான் நிக்கிறாங்க. அவங்க நிக்கிற நிலையப் பாருங்க, நான் நிக்கிற நிலையப் பாருங்க.”

அம்மம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மாவின் கணக்கில் பிழை கண்டுபிடிக்க நான் இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும்போது பயோ படித்தவர்களை எடுப்பது வழக்கம். மாவட்டத்தில் பயிற்சிக் கல்லூரி உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற பங்கீட்டில் மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கின்றன. அப்படியிருந்தும் நாடு முழுக்கத் தகுதி பெறுவோரில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். எல்லாம் சரிவந்தால் என்ன கிடைக்கும் என்று நான் பார்த்தேன். எல்லாம் பிழைத்தால் எதில் காலூன்றலாம் என்று அந்த அம்மா பார்த்தார். பயோ எடுத்து மூன்று தரம் தவறிய எனக்கே அந்தக் கேள்வி முதலில் வராதது வெட்கமாக இருந்தது. நான் தவறியபோது தாதியர் விண்ணப்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கடைசியில் பயோதான். ஆனால் கைநூலைப் பின்னோக்கி வாசித்து, பயோவில் நின்றபடி போகக்கூடிய மற்ற இடங்களையும் அவள் எழுதி வைத்தாள்: வந்தாறுமூலையில் விவசாயம், திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம், மருந்தாளர், கதிர்ப்படம் எடுப்பவர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். அந்தத் தாளின் ஓரத்திலும் ஒரு ஜன்னல் கீறியிருந்தாள். அவள் விரும்பித்தான் சேர்ந்தாளா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. முதல் தவணையில் பௌதிகவியல் புள்ளி அவ்வளவு நல்லாயில்லை என்று கேள்வி.

இந்த இடத்தில் விபுலானந்த அடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் யாழிசை ஆராய்ந்த தமிழறிஞர், சிலையாக நிற்பவர். 1892இல் காரைதீவில் பிறந்த அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா செய்தவர், இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர், பிறகுதான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். இதை வகுப்பில் சொன்னபோது ஒருவன் கேட்டான்: “அப்ப அவரு எந்த ஸ்ட்ரீம் டீச்சர்?” நான் சிரித்துவிட்டேன். ஜன்னல் கீறும் பிள்ளைக்காகத்தான் அந்தக் கதையைச் சொன்னேன் என்பது அவளுக்கு விளங்கியிருக்கும்.

பஸ்

மூன்றாவது பிள்ளையின் கதையில் நான் தோற்றேன்.

பையன். வகுப்பில் கடைசி வாங்கு. தகப்பனின் உழவு மெசினைப் பன்னிரண்டு வயதிலேயே ஓட்டியவன். பெரும்போக அறுவடைக் காலத்தில் வெட்டு மெசினோடு போய்விடுவான், பாடசாலைக்கு வரமாட்டான். வீட்டில் இரண்டே யோசனை: பதினெட்டு முடிந்ததும் கட்டார், அல்லது கடன் எடுத்து ஒரு சின்ன லொறி.

அவனைக் கராஜுக்கு அனுப்பினோம். அங்கிருந்த பாஸ் அவனிடம் ஒரு ஹைட்ரோலிக் பம்பைக் கழற்றிக் கொடுத்துப் பூட்டச் சொன்னாராம். எண்ணெய் ஒழுகும் இடத்தை இவன் சத்தத்திலேயே பிடித்துவிட்டான் என்று எனக்கு அவர் போன் எடுத்துச் சொன்னார். “டீச்சர், இவன எனக்குத் தாங்க. ஆனா இவனுக்கு ஒரு சேர்டிபிகேட் எடுத்துக் குடுங்க. என்னட்ட இல்லாததால நான் கட்டார்ல எட்டு வருசம் ஹெல்பரா நிண்டனான்.”

அந்தப் பேச்சை நம்பி, சாதாரண தரம் முடிந்ததும் அவனை நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனத் தொழினுட்பத்துக்குச் சேர்த்தேன். படிவம் நானே நிரப்பினேன், நேர்முகத்துக்கும் கூடப் போனேன். மிகவும் பெருமையாக இருந்தது. மூன்று மாதத்தில் நின்றுவிட்டான்.

சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் போனபோது தாய் ஒரு கொப்பியைக் கொண்டு வந்து காட்டினார், பஸ் காசுக் கணக்கு. காலையில் முதல் பஸ் பிடித்தாலும் பதிவுக்கு இருபது நிமிடம் பிந்தும். பிந்தினால் அந்த நாள் வரவு இல்லை. வரவு குறைந்தால் கொடுப்பனவும் இல்லை. பின்னேரம் வகுப்பு முடிந்து வந்தால் கடைசி பஸ் போயிருக்கும். இரண்டு கிழமை கராஜ் பாஸின் மோட்டார்சைக்கிளில் வந்திருக்கிறான். பிறகு அதுவும் சரிவரவில்லை. நிலையத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, நேரசூசி எல்லாருக்கும் பொதுவானது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இவ்வளவு விபரம் திரட்டினேன், ஆர்வம் பார்த்தேன், சான்றிதழ் மட்டம் பார்த்தேன். பஸ் நேரத்தைப் பார்க்கவில்லை. இருபது வருடமாக அதே வீதியால் போய்வருகிறவள் நான்.

இப்போது அவன் கராஜில். அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் முறை ஒன்று இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். பயிலுநர் அதிகாரசபையான நைற்றா ஊடாக, செய்த வேலைகளின் கோவையோடு விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். அதற்கு அனுபவ காலம் சேர வேண்டும். செய்கிற ஒவ்வொரு வேலையையும் போனில் படம் எடுத்துத் திகதியோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வைக்கிறான், சில நேரம் இரவு பதினொன்றுக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கியர் பெட்டியின் படம் வரும், ஒரு வார்த்தையும் இல்லாமல்.

மற்றவர்கள்

அதிகம் பேர் எங்கள் பாடசாலையிலேயே கலைதான். அதில் இரண்டு பேர் தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறார்கள். ஒருத்தி தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியைக் குறி வைத்துப் பாடத்தைத் தெரிவு செய்திருக்கிறாள், அது நல்ல தெளிவு. பேக்கரிக்குப் போன சோடி அங்கேயே பகுதிநேரமாக நிற்கிறது. தையலுக்குப் போனவள் கலியாணம் பேசி நின்றுவிட்டாள். நாலு பேர் கொரிய மொழி வகுப்பு. பையன்கள் மூன்று பேரைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

பால் நிலையத்துப் பிள்ளை கணிதத்தில் சீ எடுத்தாள். எழுவான்கரையில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிக்கிறாள். பாதையில் பின்னேரம் தனியே வர வேண்டாம் என்று தாய் உறுதியாக நின்றதால் கிழமை நாட்களில் களுவாஞ்சிகுடியில் சித்தி வீட்டில் தங்குகிறாள். அந்த ஏற்பாட்டை நாங்கள் செய்யவில்லை, தாயும் சித்தியும் ஒரு கலியாண வீட்டில் சந்தித்துப் பேசியது.

இந்த வருடத்து வகுப்பில் சில மாற்றம் செய்திருக்கிறேன். வேலை பார்க்கப் போவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிடுகிறேன், வெளிநாட்டில் இருந்தால் இமோவில். “கிடைக்காட்டி என்ன?” என்ற கேள்வியை நானே முதலில் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் முதல் பஸ், கடைசி பஸ், பாதை நேரம் எழுத ஒரு கட்டம் உண்டு. பயிற்சி நிலையங்களின் தொடக்க நேரத்தையும் கேட்டு எழுதுகிறோம். ஆர்வச் சோதனையைத் தூக்கிப்போடவில்லை. முதலில் கொடுக்காமல், ஒரு நாள் வேலை பார்த்து வந்த பிறகு கொடுக்கிறேன். விடைகள் கொஞ்சம் பரந்து வருகின்றன.

ஐந்து கேள்வித் தாளை இம்முறை பிள்ளைகளே பிரதி எடுத்தார்கள். கையெழுத்துப் போட எடுத்துப் பார்த்தபோது கீழே ஆறாவது கேள்வி ஒன்று சேர்ந்திருந்தது: ‘சுகமில்லாம லீவு எடுத்தா அண்டைக்குச் சம்பளம் வெட்டுவாங்களா?’ எழுதியது யாரென்று விசாரித்தேன். சூளையில் வேலை செய்யும் அந்த அம்மாவின் இளைய மகள்.